‘காடு’: சேலத்தின் அமெரிக்கப் படம் – ஒரு மறுமதிப்பீடு

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் பெருமைகளைச் சேலத்துக்காரர்கள் அடுக்கும்போது மூன்று ‘முதல்’கள் தவறாமல் வரும். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) ஒன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், அமெரிக்க நிறுவனத்தோடு முதன்முதலாகக் கூட்டுச் சேர்ந்து எடுத்து 1952இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டிகளிலும் கொலுசுப் பட்டறைகளிலும் சினிமாப் பேச்சு வந்தால் ஹாலிவுட்டே சேலத்துக்கு வந்த கதையாக அது இன்றும் சொல்லப்படும். அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ‘முதல்’ என்பது வரலாற்றுச் செய்தி மட்டுமே. ஒரு படைப்பு எப்போது வந்தது என்பதை அது சொல்லும். எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. அந்தச் சொல்லை நீக்கிவிட்டு எடைபோட்டால் ‘காடு’ எவ்வளவு நிற்கும் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தை எடைபோடும் முன் ஆண்டை எடைபோட வேண்டும். 1952 அமெரிக்கத் திரைக்குச் சாதாரண ஆண்டல்ல. ‘சிங்கின் இன் தி ரெய்ன்’, ‘ஹை நூன்’ இரண்டும் அந்த ஆண்டின் விளைச்சல். இசைப்படமும் கௌபாய்ப் படமும் தத்தம் இலக்கணத்தின் உச்சத்தைத் தொட்ட தருணம் அது. அதே நேரத்தில் தொழிலின் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. ஸ்டூடியோக்கள் தங்கள் திரையரங்குகளை விட்டுவிட வேண்டும் என்ற நிலையை 1948இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கியிருந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்து பார்வையாளரைப் பிடித்து வைத்தது. பதிலுக்குத் திரை தன்னை அகலமாக்கிப் பார்த்தது: செப்டம்பரில் சினிராமா, நவம்பரில் முப்பரிமாண ‘ப்வானா டெவில்’. 1933இன் ‘கிங் காங்’ அந்த ஆண்டு மறுவெளியீடு கண்டு நல்ல வசூல் பார்த்தது. பேருருவ விலங்குக்குச் சந்தை இருப்பதைத் தயாரிப்பாளர்கள் மறுபடி கண்டுகொண்டார்கள்.

இந்தக் கலக்கத்தில்தான் சிறு தயாரிப்பாளர்களுக்கு இடம் கிடைத்தது. பெரிய ஸ்டூடியோக்கள் குறைந்த செலவுப் படங்களைக் கைவிடத் தொடங்கின. அரங்குகளுக்கோ இரட்டைக் காட்சியின் இரண்டாம் படம் இன்னும் தேவைப்பட்டது. அந்த இடைவெளியில் நுழைந்தவர் ராபர்ட் லிப்பர்ட். அவரே அரங்கு உரிமையாளர். எந்தப் படம் எத்தனை நிமிடம் ஓடினால் கணக்கு நேராகும் என்று அறிந்தவர். ‘தி ஜங்கிள்’ அமெரிக்காவில் வெளியானது அவர் நிறுவனத்தின் வழியாகத்தான்.

லிப்பர்ட் படம் என்றதும் உதட்டைப் பிதுக்குவது சரியான விமர்சனமாகாது. சாமுவேல் ஃபுல்லரின் ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ (1951) இதே நிறுவனம் வெளியிட்ட படம். கையளவு செலவில் எடுத்த போர்ப்படம்; ஆயினும் கொரியப் போரைப் பற்றி அமெரிக்கத் திரை சொன்ன கூர்மையான வார்த்தைகளுள் சில அதில் உள்ளன. ஃபுல்லரிடம் பணம் இல்லை, பார்வை இருந்தது. ஆகவே ‘காடு’ மலிவான படம் என்பது அதன் குற்றப்பத்திரிகையில் இடம்பெறக் கூடாது. கேள்வி பார்வையைப் பற்றியது.

சேலத்துக்கு வந்தவர்கள் யார் என்று பார்ப்போம். இயக்குநர் வில்லியம் பெர்க். 1948இல் தொடங்கிய ‘ஜங்கிள் ஜிம்’ வரிசையின் முதல் படங்களை எடுத்தவர். திரைக்கதை கேரல் யங். டார்ஜான் படங்களுக்கும் அந்த முதல் ‘ஜங்கிள் ஜிம்’முக்கும் எழுதியவர். ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா, மூவரில் பெரியவர். ‘ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். ‘டிரேடர் ஹார்ன்’ படத்துக்காக ஆப்பிரிக்கா வரை கேமராவைச் சுமந்தவர். நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். காடு என்றால் என்ன, அதில் யார் வழிநடத்துவார், யார் பின்னால் நடப்பார் என்பதெல்லாம் கப்பலேறும் முன்பே முடிவான ஒரு குழு இது. சேலத்தில் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஏதும் இருக்கவில்லை. படம்பிடிக்க வேண்டியதுதான் இருந்தது.

கதை இப்படி. காட்டு யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறிய ஓர் இளவரசி புறப்படுகிறாள். வின்ட்சர்தான் அந்த இந்திய இளவரசி. வழிகாட்டுபவன் கேமரன் ஏற்ற அமெரிக்க வேட்டைக்காரன். முந்தைய பயணத்திலிருந்து அவன் மட்டும் உயிரோடு திரும்பியவன். இளவரசியின் அண்ணன் அதில் இறந்துபோனான். யானைகளைத் துரத்துபவை மாமூத்துகள் என்கிறான் வேட்டைக்காரன், யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதலாமவன் ரொமேரோ ஏற்ற ராமா சிங். 73 நிமிடப் படத்தில் பெரும்பகுதி நடை. நடையின் இடையே குரங்கு, புலி, யானை, கொஞ்சம் நடனம். மாமூத்து வருவது கடைசியில்.

இந்த அமைப்பை இதற்கு முந்தைய ஆண்டே லிப்பர்ட் பரிசோதித்துவிட்டார். 1951இன் ‘லாஸ்ட் கான்டினென்ட்’ படத்தில் இதே சீசர் ரொமேரோ ஒரு குழுவோடு மலையேறுகிறார். ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், உச்சியில் டைனோசர். மலையேற்றத்துக்குப் பதில் காட்டு நடை, டைனோசருக்குப் பதில் மாமூத்து என்று மாற்றிக்கொண்டால் ‘காடு’ கிடைத்துவிடும். அதில் பிற்பகுதிக்குப் பச்சைச் சாயம் ஏற்றினார்கள், இதற்குப் பழுப்புச் சாயம். ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்’ (1953), ‘காட்சில்லா’ (1954) ஆகியவற்றுக்கு முந்தியே பேருருவ விலங்குக் கதையைச் சேலம் தொட்டுவிட்டது என்று ‘காடு’ படத்துக்காக வாதிடுவோர் உண்டு. காலக்கணக்கு சரிதான். ஆனால் கருவின் முன்னோடித்தன்மையைச் சேலத்தின் கணக்கில் எழுத முடியாது. அது லிப்பர்ட்டின் வாய்ப்பாடு. வாய்ப்பாட்டைக் கையாள்வது குற்றமல்ல. நிலம் மாறியபோது வாய்ப்பாடு மாறவில்லை என்பதே குற்றம்.

மாமூத்துகளைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். உண்மை யானைகளுக்குச் சடைமுடி போர்த்தி நடக்க விட்டிருக்கிறார்கள். இதைக் கேலி செய்வது எளிது. கேலி எதையும் விளக்காது. எங்கள் பக்கத்தில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையில் வேடம் புனைந்த மனிதர்கள் அலங்கார வண்டிகளில் தெய்வங்களாக வருகிறார்கள். வேடத்துக்குள் இருப்பவர் யார் என்று தெருவுக்கே தெரியும், தெரிந்தே கும்பிடுகிறது. வேடம் என்பதை ஒப்புக்கொண்டு நிகழும் கலைக்குப் போர்வையின் தரம் ஒரு பொருட்டல்ல. ‘காடு’ அந்த ஒப்பந்தத்தைச் செய்யவில்லை. ஒரு மணி நேரமாக உண்மை மரங்களையும் உண்மை விலங்குகளையும் உண்மை வெயிலையும் காட்டி, ‘இது நிஜம்’ என்று பார்வையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, இறுதியில் போர்வையை நீட்டுகிறது. டி வின்னாவின் வெளிப்புற ஒளிப்பதிவு எவ்வளவு நம்பகமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மாமூத்து பொய்யாகிறது. படத்தின் சிறந்த கூறே அதன் உச்சக்காட்சியைக் கவிழ்க்கிறது. பணக் குறையைவிட முறைக் குறை பெரிது என்பதற்கு இது சான்று: மாமூத்தை நிழலாகவும் ஒலியாகவும் மட்டும் நிறுத்தியிருந்தால் அதே செலவில் அச்சம் விளைந்திருக்கும்.

டி வின்னாவுக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். யானைக்கூட்டம் நகரும் காட்சிகளில் அளவும் எடையும் தெரிகின்றன. ஹாலிவுட்டின் அரங்கக் காடுகளில் கிடைக்காத காற்று அதில் இருக்கிறது. கேமரன் பேசுவதைக் குறைத்து நடக்கும்போது நன்றாகவே இருக்கிறார். வின்ட்சரிடம் ஒரு விறைப்பு உண்டு. குற்றப் படங்களில் அவருக்கு வலுச்சேர்த்த விறைப்புதான், இளவரசிக்கும் ஓரளவு பொருந்துகிறது. உள்ளூர் நடிகர்களில் எம்.என். நம்பியாரும் இருக்கிறார். 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் வேடத்துக்கு வேடம் மாறிக் கூடுபாய்ந்த நடிகரை வைத்துக்கொண்டு இந்தப் படம் அவரிடம் ஏறக்குறைய எதையும் கேட்கவில்லை. உள்ளூர்த் திறனை இப்படம் எப்படிக் கையாண்டது என்பதற்கு அதுவே அளவுகோல்.

அடிப்படைக் கோளாறு திரைக்கதையின் அதிகார அமைப்பில் இருக்கிறது. காட்டைப் பற்றிய உண்மை ஓர் அமெரிக்கனுக்கு மட்டும் தெரியும். அந்தக் காட்டிலேயே வாழ்பவர்களுக்குத் தெரியாது. இளவரசியும் ராமா சிங்கும் அமெரிக்க நடிகர்கள். இந்தியர்கள் சுமக்கிறார்கள், ஆடுகிறார்கள், அஞ்சுகிறார்கள். ஆப்பிரிக்காவை மனத்தில் வைத்து எழுதிப் பழகிய கை, யானைக்குப் பாகன் உள்ள நாட்டுக்கு வந்தும் அப்படியே எழுதியிருக்கிறது. யானையைப் பற்றிய கதையில் பாகனின் அறிவுக்கு இடமில்லை என்றால் அந்தக் கதைக்கு இந்தியா எதற்கு? ஃபிளாஹர்ட்டியும் கோர்டாவும் மைசூரில் எடுத்த ‘எலிஃபன்ட் பாய்’ (1937) குறைகள் நிறைந்த படம்தான். அதில்கூட மையம் பாகன் சிறுவன் சாபு. பதினைந்து ஆண்டுக்குப் பின் வந்த படம் அதற்கும் பின்னால் நிற்கிறது.

இங்கே டி.ஆர். சுந்தரத்தின் பங்கைத் தனியாக எடைபோட வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து நூல் வணிகக் குடும்பத்தில் புறப்பட்டு, இங்கிலாந்தின் லீட்ஸில் படித்துத் திரும்பி, சென்னைக்குப் போகாமல் ஏற்காடு சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற முழு ஸ்டூடியோவை நிறுவியவர். தளம், ஆய்வகம், மாதச் சம்பளக் கலைஞர்கள், கால அட்டவணை என்று திரைப்படத்தை ஆலை ஒழுங்கோடு நடத்தியவர். ஓர் அமெரிக்கக் குழு வந்திறங்கிப் படமெடுத்து முடித்துத் திரும்ப முடிந்தது என்றால், அது அவர் பல ஆண்டு கட்டிய ஒழுங்கின் வெற்றி. தயாரிப்பு நிர்வாகம் என்ற துறையில் ‘காடு’ மதிப்பெண் பெறுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் நிர்வாகச் சாதனையைக் கலைச் சாதனையின் பெயரேட்டில் எழுதுவதுதான் நம் விமர்சனத்தின் பழைய வழக்கம். அதை நிறுத்த வேண்டும்.

ஏனெனில் அமெரிக்கக் கைக்கும் தமிழ்க் கதைக்கும் உண்மையான சந்திப்பு இதே ஸ்டூடியோவில் இரண்டாண்டு முன்னரே நடந்துவிட்டது. ‘மந்திரி குமாரி’, 1950 ஜூன். இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம். டங்கன் அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். கதையும் உரையாடலும் மு. கருணாநிதி.

டங்கன் ஓஹயோ மாநிலத்துக்காரர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1935இல் இந்தியா வந்து, 1936இல் ‘சதி லீலாவதி’ எடுத்தார். தமிழ் பேச அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் தமிழ்ப் பார்வையாளரை அவர் பதினைந்து ஆண்டு படித்தார்: ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’. நாடகமேடையின் முன்வரிசையில் ஆணியடித்து நின்ற கேமராவை நகர்த்தியவர்களில் அவர் முக்கியமானவர். அவரும் பிழை செய்தார். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை ‘பொன்முடி’ (1950) ஆக்கியபோது காதல் காட்சிகளின் நெருக்கம் கண்டனத்துக்கு உள்ளானது. அந்த நெருக்கம் கதையின் தேவையைவிட இயக்குநரின் பழக்கத்திலிருந்து வந்தது என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யல்ல. ஆனால் பிழையும்கூட இங்குள்ள ஒரு படைப்போடு மல்லுக்கட்டியதால் வந்த பிழை.

‘மந்திரி குமாரி’யின் மூலம் குண்டலகேசி. காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை சில செய்யுள்கள்தாம். கதையை நீலகேசி உரைவழியேதான் அறிகிறோம். தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கள்வக் கணவனை, வலம்வருவதாகச் சொல்லிப் பின்னிருந்து தள்ளிவிட்ட பெண்ணின் கதை. ஒற்றைச் சம்பவம், ஆனால் அதில் திரைப்படத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன: உயரம், நடை, மறைத்த எண்ணம், நொடியில் திரும்பும் வலிமை. கருணாநிதி அதைச் சுற்றி ராஜகுரு, தளபதி, இளவரசி என்று ஓர் அரசியல் கதையைக் கட்டினார்; டங்கனின் கேமரா அந்த ஒற்றைச் சம்பவத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனது.

அந்தக் காட்சியை நெருங்கிப் பார்க்க வேண்டும். பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன், அமுதவல்லியாக மாதுரி தேவி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, ஜி. ராமநாதனின் மெட்டில் இருவரும் மலைமேல் ஏறுகிறார்கள். மெட்டு தாலாட்டைப் போல மெதுவானது. அழைப்பவன் மனத்திலோ கொலை. வெளியே காதல், உள்ளே சூது என்ற முரணை ஒரு வரி உரையாடலும் இன்றிப் பாட்டே தாங்குகிறது. ஏற ஏறப் பின்னணியில் மண் குறைகிறது, வானம் பெருகுகிறது. அவளுக்குத் தப்பிக்க இடமில்லை என்பதைச் சட்டகமே சொல்லிவிடுகிறது. பாட்டு முடிந்த பிறகே அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் அழுது மன்றாடுவதோடு காட்சி முடிந்திருந்தால் அது வழக்கமான சோகம். அவள் மும்முறை வலம்வர அனுமதி கேட்கிறாள். கற்புடைய பெண்ணின் சடங்கு என்று அவன் நம்புகிற அதே வட்டத்தில் அவள் அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறாள். தமிழ்ப் பார்வையாளருக்குத் தெரிந்த சடங்கு, அமெரிக்கப் பள்ளியில் கற்ற வெளிச் சட்டகம், அக்காலத்தின் சிறந்த இசையமைப்பாளரின் மெட்டு. மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கூட்டுத் தயாரிப்பு என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை என்றாலும்.

படம் முழுவதும் இந்தத் தரத்தில் இல்லை. அரண்மனைக் காட்சிகளில் உரையாடல் எழுந்தால் கேமரா உட்கார்ந்துவிடுகிறது. அடுக்குமொழியின் வேகம் செவிக்கு விருந்து, காட்சிக்குத் தடை. இரண்டு இயக்குநர்களின் கைகள் ஒட்டுப்போட்ட இடங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. கதாநாயகன் எம்.ஜி.ஆருக்கு வாளும் நேர்மையும் கிடைத்த அளவுக்கு மனம் கிடைக்கவில்லை. நடராஜனின் பார்த்திபன் அவரை எளிதாக மறைத்துவிடுகிறான். ஆனால் இவை ஒரு பார்வையின் செயலாக்கத்தில் நேர்ந்த குறைகள். ‘காடு’ படத்தில் அப்படிக் குறைப்படவும் பார்வை இல்லை.

ழான் ரென்வாரின் ‘தி ரிவர்’ (1951) இந்த ஒப்பீட்டைக் கூர்மையாக்கும். அதுவும் அமெரிக்கப் பணம். கென்னத் மெக்எல்டவுனி என்ற பூ வணிகர் முதலிட்டது. கதையின் மையம் அதிலும் வெள்ளையர் குடும்பம்தான். ஆனால் ரென்வார் வங்காளத்துக் கரையில் உட்கார்ந்து, நதியின் போக்குக்குத் தன் கதையின் வேகத்தைத் தளர்த்தினார். அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த சத்யஜித் ராயும் சுப்ரத மித்ராவும், கலை இயக்கத்தில் உதவிய பன்சி சந்திரகுப்தாவும் பிறகு ‘பதேர் பாஞ்சாலி’யில் சேர்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு படம் தான் எடுக்கப்பட்ட இடத்தில் எதை விட்டுச்சென்றது என்பதும் மதிப்பீட்டின் ஒரு கூறு. டங்கன் விட்டுச்சென்ற பயிற்சியைச் சேலத்தின் பிற்காலப் படங்களில் தேடினால் கிடைக்கும். பெர்க் விட்டுச்சென்றதாக எதையும் என்னால் சுட்ட முடியவில்லை.

‘காடு’ பொழுதுபோக்குப் படம், அதைக் காப்பியத்தோடும் ரென்வாரோடும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரியானது, ஒவ்வொரு படைப்பையும் அது எடுத்துக்கொண்ட இலக்கை வைத்தே அளக்க வேண்டும். ‘காடு’ எடுத்துக்கொண்ட இலக்கு அச்சமும் வியப்பும். அந்த அளவிலும் அது தவறுகிறது: அச்சத்தை நடையில் கரைத்துவிட்டது, வியப்பைப் போர்வையில் இழந்துவிட்டது. ‘மந்திரி குமாரி’யும் பொழுதுபோக்குப் படம்தான், கொட்டகையில் காசு பார்க்க எடுத்ததுதான்.

1952இல் தமிழ்த் திரை எங்கே நின்றது என்பதையும் மறக்க முடியாது. அக்டோபர் 17இல் ‘பராசக்தி’ வந்தது. சேலத்தில் எழுதிப் பழகிய கருணாநிதியின் பேனா சென்னையில் பெருவெடிப்பை நிகழ்த்தியது. அதே ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் பாரதிதாசனின் உரையாடலோடு ‘வளையாபதி’யையும் எடுத்தது. குண்டலகேசி தந்த வெற்றியை இன்னொரு காப்பியத்தில் தேடிய முயற்சி; அதன் தரம் தனியாகப் பேசத்தக்கது. திரைப்படம் கருத்துரிமைக்கு உட்பட்டது என்று மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே தணிக்கையை நெறிப்படுத்தும் ஒளிப்பதிவுச் சட்டம் அவ்வாண்டுதான் வந்தது. திரை என்ன பேசலாம் என்று இரு நாடுகளும் வாதிட்ட ஆண்டில், அவ்விரு நாடுகளும் சேர்ந்து எடுத்த படத்துக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

அதனால் என் தீர்ப்பு இது. ‘காடு’ மாடர்ன் தியேட்டர்ஸின் நிர்வாக வரலாற்றில் ஒரு முக்கியமான பதிவு. திரைக்கலை வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு. சேலத்தின் அமெரிக்கப் படம் எது என்று யாரேனும் கேட்டால், காட்ட வேண்டியது 1952இன் மாமூத்தை அல்ல, 1950இன் மலையுச்சியை.